ஊசி போட்டவர் தப்புகிறார், ஓடியவர் மாட்டிக்கொள்கிறார்

(நமது திருப்பதி நிருபர்)

2019-ம் ஆண்டு நவம்பர் கடைசியில் திருப்பதி ரயில் நிலையத்தில் வந்து இறங்கிய கூட்டம் வழக்கமான யாத்திரிகர் கூட்டம் அல்ல. மொட்டைத் தலைகளுக்கும் லட்டுப் பைகளுக்கும் நடுவே, ஒரே நிற பனியன் அணிந்த பிள்ளைகள் கும்பல் கும்பலாக இறங்கினார்கள். தோளில் ஒரு பை; பையில் கயிறு போட்டுக் கட்டித் தொங்கும் ஆணி ஷூ. மாவட்டங்களுக்கு இடையிலான தேசிய ஜூனியர் தடகளப் போட்டி அந்த ஆண்டு நமது தாரகராமா மைதானத்தில் நடைபெற்றது. 14 வயதுக்கு உட்பட்டோர், 16 வயதுக்கு உட்பட்டோர் என்று இரண்டு பிரிவுகள்.

போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பயிற்சியாளர் எங்கள் கவுண்டருக்கு வந்து ஊர் திரும்ப டிக்கெட் கேட்டார். பின்னால் நான்கு பையன்கள் தலை குனிந்து நின்றார்கள். "என்ன சார், தோற்றுவிட்டார்களா?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். "ஓடவே இல்லை" என்றார். கவுண்டரில் உட்காருகிறவர்களுக்கு முகத்தைப் பார்த்து வயதைக் கணிக்கும் பழக்கம் தானே வந்துவிடும். அரை டிக்கெட் கேட்டு அழைத்து வரப்படும் "பதினோரு வயது" பிள்ளையின் கையில் ஒன்பதாம் வகுப்புப் பாடப் புத்தகம் இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அந்த நான்கு பையன்களின் மீசையைப் பார்த்த பிறகு மேற்கொண்டு ஒன்றும் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

விவரம் பிறகு பத்திரிகைகளில் வந்தது. வயதுச் சோதனையில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் தேறவில்லை. சோதனை என்று தெரிந்ததும் அந்தப் பக்கமே வராமல் நழுவியவர்கள் நூற்றுக்கும் அதிகம். பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியை மாற்றலாம். எலும்பில் உள்ள தேதியை மாற்ற முடியாது. இடது கையையும் மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். வளரும் பிள்ளைக்கு எலும்பின் முனையில் குருத்து திறந்திருக்கும். வளர்ச்சி முடிய முடிய அது மூடிக்கொண்டு வரும். அதைக் கொண்டு எலும்பின் வயதைக் கணக்கிடுகிறார்கள். இந்தக் கணக்கு நூற்றுக்கு நூறு சரி என்று டாக்டர்களே சொல்வதில்லை. சற்று முன்பின் இருக்கலாம். உண்மையான வயதுள்ள பிள்ளை ஒன்றிரண்டு இதில் அடிபடவும் கூடும். ஆனால் சோதனைக்கே நிற்காமல் ரயிலேறியவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது அல்லவா?

ஊக்கமருந்தைப் பற்றி எழுத வந்தவன் வயதுப் புரட்டில் ஏன் தொடங்கினேன் என்று வாசகர்கள் கேட்கலாம். இரண்டும் ஒரே கடைச் சரக்கு என்பதே காரணம். பதினான்கு வயதில் பொய்ச் சான்றிதழால் பதக்கம் வாங்கப் பழகிய பிள்ளைக்குப் பதினெட்டு வயதில் ஊசி பெரிய பாவமாகத் தெரியாது. சான்றிதழை ஏற்பாடு செய்து கொடுத்த அதே கை, ஊசியையும் ஏற்பாடு செய்து கொடுக்கும்.

தனியாக ஓடிய வீரர்

நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பரில், டெல்லி ஜவாஹர்லால் நேரு மைதானத்தில் நடந்ததைப் பாருங்கள். டெல்லி மாநிலத் தடகளப் போட்டியின் கடைசி நாள். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்தின் அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி பரவியது. இந்த நிறுவனத்தைச் சுருக்கமாக "நாடா" என்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம். ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் பந்தயத்தில் ஓட எட்டுப் பேர் தகுதி பெற்றிருந்தார்கள். கோட்டில் வந்து நின்றவர் ஒரே ஒருவர். லலித் குமார் என்பவர் தனியாக ஓடித் தங்கம் வாங்கினார். மற்றவர்களுக்குத் திடீரென்று தசைப்பிடிப்பு. ஜூனியர் ஸ்டீப்பிள்சேஸ் பந்தயத்தில் ஒரு பெண் எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தாள். சிறுநீர் மாதிரி கேட்க வந்த அதிகாரி அவள் பின்னால் ஓடினார். மைதானத்துக் கழிவறையில் ஊசிகள் சிதறிக் கிடந்த காட்சியும் வெளியாயிற்று.

சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பும் செய்தி அல்ல இது. ஒரு மாநிலப் போட்டியில் சோதனைக்காரர் வந்தவுடன் மைதானம் காலியாகிறது என்றால், சோதனைக்காரர் வராத மற்ற போட்டிகளில் நடப்பது என்ன?

கணக்கு சொல்வது

உலக ஊக்கமருந்துத் தடுப்பு ஸ்தாபனம், அதாவது "வாடா", 1999-ல் தொடங்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் எந்த நாட்டில் எத்தனை மாதிரி எடுத்தார்கள், எத்தனை கெட்டுப்போய் வந்தன என்று கணக்கு வெளியிடுகிறது. 2022-ல் இந்தியாவில் எடுத்த 3,865 மாதிரிகளில் 125-ல் தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது. 2023-ல் 5,606-க்கு 213. 2024-ல் 7,113-க்கு 260. அதிகம் சோதிக்கும் பெரிய நாடுகளுக்குள் நாம்தான் முதலிடம். அதுவும் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து. ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் எண்ண ஒரு கை விரலே மிச்சமாகும் நமக்கு இந்தப் பட்டியலில் முதலிடம்.

சோதனையைக் கூட்டியதால்தான் மாட்டுகிறவர்களும் கூடியிருக்கிறார்கள் என்று அதிகாரிகள் தரப்பில் சொல்லப்படுகிறது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முழு உண்மையும் அல்ல. சீனாவில் 2023-ல் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை எடுத்தார்கள். கெட்டுப்போனவை நூற்றுக்குக் கால் பங்குகூட இல்லை. நமக்கு நூற்றுக்கு மூன்றரைக்கு மேல். தூண்டில் அதிகம் போட்டால் அதிக மீன் கிடைக்கும் என்பது சரி. குளத்தில் மீன் இருந்தால்தானே கிடைக்கும்?

2030 காமன்வெல்த் போட்டி ஆமதாபாத்துக்கு என்று 2025 நவம்பரில் முடிவாகிவிட்டது. 2036 ஒலிம்பிக்கையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வெளிநாட்டார் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் நம்மோடு பேச உட்காருவார்கள். ஆனால் டெல்லியின் மானத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் குப்பத்திலும் உள்ள நம்மவர் வீட்டுப் பிள்ளைகளின் கதி.

பதக்கம் என்ற உத்தியோகச் சீட்டு

தறி ஓட்டுகிறவர், மாங்கூழ் தொழிற்சாலையில் சீசன் வேலைக்குப் போகிறவர், கிரானைட் அறுப்பவர், குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவர், இவர்களின் பிள்ளை ஓட்டத்தில் கெட்டிக்காரனாக இருந்தால் வீட்டில் என்ன கனவு காண்பார்கள்? ஒலிம்பிக் அல்ல. ரயில்வே, போலீஸ், பட்டாளம், வங்கி இவற்றில் ஓர் உத்தியோகம். ரயில்வேயில் விளையாட்டு வீரர்களுக்கென்று தனியாக ஆளெடுப்பு உண்டு. எனக்குத் தெரிந்து அந்த வழியில் வந்து நேர்மையாக உழைக்கும் சகாக்கள் பலர். அரசு வேலைகளில் ஆந்திரத்திலும் ஒதுக்கீடு இருக்கிறது, தமிழ்நாட்டிலும் இருக்கிறது. என்ஜினீயரிங் கல்லூரி இடத்துக்கும் சான்றிதழ் உதவுகிறது. இது நல்ல ஏற்பாடு. ஏழைப் பிள்ளைக்குச் சிபாரிசு இல்லாமல் திறக்கும் கதவுகளில் இது ஒன்று.

ஆனால் பாருங்கள், பந்தயத்தில் மூன்றாவதாக வந்தவனுக்கு ஆயுள் முழுதும் சம்பளம், நான்காவதாக வந்தவனுக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால், அந்த அரை விநாடிக்கு ஒரு விலை ஏற்பட்டுவிடுகிறது. விலை ஏற்பட்ட இடத்தில் வியாபாரி வந்து சேருவான். அந்த வியாபாரி பெரும்பாலும் கோட் போட்ட வெளிநாட்டுக்காரன் அல்ல. ஜிம்மில் டப்பா பவுடர் விற்கிறவன், டாக்டர் சீட்டு கேட்காமல் ஊசி மருந்து எடுத்துக் கொடுக்கிற கடைக்காரன், "எல்லோரும் போடுகிறார்கள், நீ மட்டும் ஏன் பின்தங்குகிறாய்" என்று காதில் ஓதும் அரைகுறைப் பயிற்சியாளன். ஆபரேஷன் மேஜையில் ரத்த அழுத்தம் தாழ்ந்துவிட்டால் ஏற்றுவதற்காக டாக்டர்கள் போடும் மெஃபென்டெர்மைன் என்ற ஊசி மருந்தை ஜிம் இளைஞர்களுக்கு விற்றவர்களை ஐதராபாத் போலீசார் ஒரு தடவை அல்ல, பல தடவை பிடித்திருக்கிறார்கள். 1600 மீட்டர் ஓட்டத்தில் தேறினால்தான் சீருடை என்ற நிலையில், ஆள்சேர்ப்பு மைதானங்களைச் சுற்றிக் காலி ஊசிகள் கிடந்ததாக வடக்கேயிருந்து செய்திகள் வந்தன. அங்கே "நாடா" கிடையாது.

நம் பக்கத்தில் பொங்கல் சமயத்தில் ரங்கம்பேட்டையிலும் சுற்றுப்புறங்களிலும் காளை விடுகிறார்கள். தமிழ்நாட்டு ஜல்லிக்கட்டு விதிகளில், காளைக்கு மதுவோ வேறு வெறியூட்டும் பொருளோ கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று கால்நடை டாக்டர் பார்த்துத்தான் வாடிக்கு அனுப்ப வேண்டும். ஜில்லாப் போட்டியில் ஓடும் நம் பிள்ளையை அப்படிப் பார்த்து அனுப்ப யாரும் இல்லை.

முடிகண்டத்துப் பெண்

திருச்சிக்குப் பக்கத்தில் முடிகண்டம் கிராமம். அங்கிருந்து வந்து, பெங்களூரில் வருமான வரி இலாகாவில் வேலை பார்த்தவர் கோமதி மாரிமுத்து. தகப்பனாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 2019 ஏப்ரல் 22-ந் தேதி தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது முப்பது. அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு முதல் தங்கம் அதுதான். அவர் ஜோடி மாறிய ஷூக்களைப் போட்டுக்கொண்டு ஓடிய கதையைத் தமிழர் வீடுகளிலெல்லாம் பேசினார்கள். கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு பரிசுத் தொகை அறிவித்தன.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாதிரியில் நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் அடையாளம் இருந்தது என்ற செய்தி வந்தது. முடிவில் 2019 மார்ச் 18 முதல் மே 17 வரை எடுத்த நான்கு மாதிரிகளிலும் அது இருந்ததாக சர்வதேசத் தடகள நேர்மைப் பிரிவு அறிவித்தது. நான்கு ஆண்டுத் தடை, தங்கம் பறிபோயிற்று. தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று அவர் கடைசி வரை சொன்னார். அந்தத் தடைக்காலம் 2023 மே மாதத்தோடு முடிந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒரு தேதி. மார்ச் 18-ந் தேதி மாதிரி பாட்டியாலாவில் நம் நாட்டுப் போட்டியில் நம் ஆட்களே எடுத்தது. அதன் முடிவு உரிய காலத்தில் வந்திருந்தால் அவர் தோஹாவுக்கே போயிருக்க மாட்டார் என்று தடகள சம்மேளனத் தலைவராக இருந்த அடில் சுமரிவாலாவே சொன்னார். அனுப்பாமல் இருந்திருந்தால் ஒரு பெண் தண்டனை அனுபவித்திருப்பாள், அவ்வளவுதான். அனுப்பிவிட்டோம். ஊரே கொண்டாடிவிட்டு, பிறகு ஊரே பேசிற்று. போட்டவர் யார், கொடுத்தவர் யார், எந்த டப்பாவில் வந்தது என்பது மட்டும் இன்றுவரை வெளிவரவில்லை.

திருச்சியைச் சேர்ந்த இன்னோர் ஓட்டக்காரர் எஸ். தனலட்சுமி. 2021-ல் பாட்டியாலாவில் 200 மீட்டரில் பி.டி. உஷாவின் நெடுநாள் போட்டிச் சாதனையை முறியடித்தவர். 2022 காமன்வெல்த் போட்டிக்குப் புறப்படும் முன் சோதனையில் சிக்கினார்; மூன்று ஆண்டுத் தடை. அங்கேயும் கதை ஓடியவரோடு நின்றுவிட்டது.

கனடா கேட்ட கேள்வி

மூத்த வாசகர்களுக்கு பென் ஜான்சன் நினைவிருக்கும். 1988 செப்டம்பர் 24-ல் சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடினார். மூன்றாம் நாள் தங்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். மருந்தின் பெயர் ஸ்டானோசலோல். நம் ஊர் டீக்கடைகளில் "ஊக்கமருந்து" என்ற சொல் அன்றுதான் புழக்கத்துக்கு வந்தது.

நாம் மறந்துவிட்டது அதற்கு அப்புறம் நடந்ததை. கனடா அரசு நீதிபதி சார்லஸ் டூபின் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தது. பயிற்சியாளர் சார்லி பிரான்சிஸ் கூண்டில் ஏறி, பல ஆண்டுகளாக என்ன நடந்தது என்று பகிரங்கமாகச் சொன்னார். மருந்து கொடுத்த டாக்டரும் சாட்சியம் அளித்தார். ஓடியவரோடு விடாமல், ஓட வைத்தவர்களையும் அந்த நாடு நிற்க வைத்துக் கேட்டது.

நம் நாட்டிலும் ஒரு தடவை அப்படிக் கேட்டார்கள். 2011-ல் அஸ்வினி அக்குஞ்சி, மன்தீப் கௌர், சினி ஜோஸ் உள்ளிட்ட ஓட்டக்காரிகள் சோதனையில் சிக்கினார்கள். 2010 ஆசியப் போட்டியில் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர்களில் மூன்று பேர் இவர்கள். பெரும்பாலும் மீத்தாண்டியனோன் என்ற ஸ்டீராய்டு. உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் யூரி ஒகரோட்னிக் சீனாவிலிருந்து வாங்கி வந்து கொடுத்த ஜின்செங் மாத்திரையில் அது கலந்திருந்திருக்கும் என்று வாதாடினார்கள். பயிற்சியாளர் பதவி நீக்கப்பட்டார். ஓய்வு பெற்ற நீதிபதி முகுல் முட்கல் விசாரித்தார். பெண்களுக்கு முதலில் ஓராண்டுத் தடை. சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2012-ல் அதை இரண்டாண்டாக உயர்த்திற்று. "கோச் கொடுத்தார், சாப்பிட்டேன்" என்ற பதிலை அந்த மன்றம் ஏற்கவில்லை. உடம்பில் இருப்பதற்கு உடம்புக்காரரே பொறுப்பு என்பது உலகம் முழுவதும் ஒரே விதி.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு வேறோர் உதாரணம். 2019-ல் பிருத்வி ஷாவுக்கு எட்டு மாதத் தடை விதித்தார்கள். இருமல் மருந்தில் இருந்த டெர்பூட்டலின்தான் காரணம். தெருமுனைக் கடையில் கிடைக்கும் சிரப்பு அது. வசதியுள்ள கிரிக்கெட் வீரரே தவறிவிடும் இடத்தில் தறிக்காரர் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

பாராளுமன்றம் 2022-ல் ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் திருத்தமும் வந்தது. அது மேல்முறையீட்டுக் குழுவில் அரசின் தலையீடு கூடாது என்று "வாடா" வற்புறுத்தியதற்காக. இந்தச் சட்டத்தின் கை நீளம் தடை, பதக்கப் பறிப்பு, அபராதம் வரைதான். பயிற்சியாளரோ டாக்டரோ மருந்து கொடுத்தது நிரூபணமானால் நான்கு ஆண்டு முதல் ஆயுள் வரை அவர்களையும் விலக்கி வைக்கலாம் என்று விதியில் இருக்கிறது. ஆனால் நிரூபிக்க யார் போகிறார்கள்? ஓடியவரின் சிறுநீர் பாட்டிலில் இருக்கிறது. கொடுத்தவரின் கைரேகை எந்த பாட்டிலிலும் இல்லை. ஜிம்காரரும் கடைக்காரரும் இந்தச் சட்டத்துக்குள் வருவதே இல்லை. அவர்களைப் பிடிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்தை விற்றார் என்று வழக்குப் போட அதற்கு இன்றே அதிகாரம் உண்டு. என் அபிப்பிராயத்தில், ஒரு பிள்ளை மாட்டியவுடன் அந்தப் பிள்ளை பயிற்சி செய்த மைதானத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் கடைகளின் ரசீதுப் புத்தகங்களை இந்த இலாகா பார்க்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

சோதனை இல்லாமல் நஷ்டப்பட்டவர்

சோதனை என்றால் தொல்லை என்று நினைக்கிறவர்கள் ஜோதி யாராஜியின் கதையைக் கேட்க வேண்டும். விசாகப்பட்டினத்துப் பெண். தகப்பனார் காவலாளி. 2020 ஜனவரியில் மூடபித்ரியில் நடந்த அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் 100 மீட்டர் தடை ஓட்டத்தை 13.03 விநாடியில் முடித்தார். அப்போதைய தேசியச் சாதனையைவிட அது வேகம். ஆனால் சாதனையாகப் பதிவாகவில்லை. போட்டிக்கு "நாடா" வரவில்லை, சம்மேளனத்தின் தொழில்நுட்பப் பிரதிநிதியும் இல்லை என்பதே காரணம். ஒரு தப்பும் செய்யாதவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 2022 மே மாதம் சைப்ரஸ் நாட்டில் ஓடித்தான் தேசியச் சாதனையைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். பிறகு 2023-லும் 2025-லும் ஆசியத் தங்கம் வென்றார். சுத்தமாக ஓடுகிறவருக்குச் சோதனைதான் ரசீது.

அந்த ரசீது வேலை கொடுக்கும் இடத்தில் கேட்கப்படாததுதான் கோளாறு. தேசிய அணிக்குப் போகிறவரை மாதம் தவறாமல் துரத்துகிறார்கள். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தடவை சொன்ன இடத்தில் இல்லாவிட்டால் அதுவே குற்றம். மாநிலப் போட்டியில் மூன்றாவதாக வந்து சான்றிதழோடு உத்தியோகத்துக்கு வருகிறவரை யாரும் கேட்பதில்லை. டெல்லியில் ஓடி ஒளிந்தவர்கள் எல்லோரும் ஒலிம்பிக் வீரர்கள் அல்ல, சான்றிதழுக்கு வந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. எந்தப் போட்டியின் சான்றிதழுக்கு அரசு வேலை தருகிறதோ அந்தப் போட்டியில் சோதனை உண்டு என்று விதி செய்துவிட்டால் போதும். முதல் மூன்று இடங்களைச் சோதித்தாலே ஆசை பாதி அடங்கும். செலவாகும் என்பார்கள். ஒரு போலி வீரருக்கு முப்பது ஆண்டு சம்பளமும் பென்ஷனும் கொடுப்பதைவிடவா?

ஒரு டப்பாவின் கதை

நகரியிலிருந்து வாரம் ஒருமுறை நூல் விஷயமாகத் திருப்பதி வரும் தறிக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவருடைய பையன் 400 மீட்டர் ஓடுகிறான். போன மாதம் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கவுண்டருக்கு வெளியே காத்திருந்தார். "சார், நீங்க பேப்பர்ல எழுதறவரு. இதுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க. கோச் வாங்கச் சொன்னாரு. தீபாவளி போனஸ் பூரா இதுக்கே போச்சு" என்றார்.

டப்பாவின் மேல் ஒரு புலியின் முகம். தசை, சக்தி, வேகம் என்று பெரிய எழுத்தில் இங்கிலீஷில் இருந்தது. என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியல் அரைகுறை. செய்த கம்பெனியின் விலாசம் சரியாக இல்லை. இதில் கெட்டது இருக்கிறது என்று சொல்ல நான் டாக்டர் அல்ல. இல்லை என்று சொல்லவும் முடியாது. இப்படிப்பட்ட டப்பாக்களில் பட்டியலில் சொல்லாத ஸ்டீராய்டு கலந்திருந்ததாக உலகம் முழுவதும் வழக்குகள் உண்டு. வளரும் பையனுக்கு ஸ்டீராய்டு போனால் எலும்பின் குருத்து காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளும். உயரம் அத்தோடு நின்றுவிடும். தாரகராமா மைதானத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்களே, அதே குருத்துதான். பெண் பிள்ளைக்குக் குரல் மாறும், மாதவிலக்கு தவறும். ஈரலுக்கும் இதயத்துக்கும் வரும் கேடு பிறகு தெரியும்.

அவரிடம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அண்ணே, பையனுக்குச் சளி, காய்ச்சல் என்று எந்த டாக்டரிடம் போனாலும், இவன் போட்டியில் ஓடுகிறவன் என்று முதலில் சொல்லுங்கள். சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இருமல் சிரப்பாக இருந்தாலும் பெயரைப் பாருங்கள். தடை செய்யப்பட்ட மருந்து நோய்க்குக் கட்டாயம் வேண்டுமென்றால் முன்கூட்டி அனுமதி கேட்க வழி இருக்கிறது. எந்த மருந்து கூடும், கூடாது என்று பார்க்க 'நாடா' செல்போனில் ஒரு செயலி வைத்திருக்கிறது. உங்கள் மகளுக்குக் காட்டினால் பார்த்துச் சொல்லிவிடுவாள். சோதனைக்குக் கூப்பிட்டால் ஓடக் கூடாது, மறுப்பதும் குற்றம்தான். பையன் மைனர், பெரியவர் ஒருவர் கூட இருக்கலாம். பாட்டில் பெட்டியை அவனே தேர்ந்தெடுக்கட்டும், சீல் சரியாக இருக்கிறதா பார்க்கட்டும். கடைசி ஏழு நாளில் சாப்பிட்ட மருந்தை எல்லாம் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். தகராறு வந்தால் இரண்டாவது பாட்டிலைத் திறக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை அவனுக்கு இருக்கிறது."

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்ப இந்த டப்பா?" என்றார்.

"ரசீது இருக்கிறதா?" என்றேன். இல்லை. "அப்படியானால் கோச்சிடம் ஒரு காகிதத்தில் எழுதி வாங்குங்கள்: இன்ன தேதியில் இன்ன டப்பாவை நான்தான் வாங்கச் சொன்னேன், இதில் தடை செய்யப்பட்ட மருந்து எதுவும் இல்லை. கீழே கையெழுத்து. கொடுத்தால் பிரியுங்கள்."

சென்ற புதன்கிழமை பார்த்தபோது விசாரித்தேன். கோச் இரண்டு நாளாகப் பையனோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பையன் தினமும் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து தனியாக ஓடிவிட்டு வருகிறான். டப்பா தறிக்கொட்டகை அலமாரியில் நூல் கட்டுகளுக்குப் பக்கத்தில் பிரிக்காமல் இருக்கிறது.